சைக்கிளில் வரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் உடற்கல்வி ஆசிரியரும் நானும் பள்ளி சைக்கிள் நிறுத்தத்தில் இருந்த வண்டிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தோம். பிரேக்கை அழுத்தினோம், டயரை அமுக்கினோம், சீட்டை அசைத்தோம். பெரிய பழுது என்று சொல்லும்படி அதிகம் இல்லை. காற்றுக் குறைவு, தேய்ந்த பிரேக் கட்டை, காய்ந்து கிறீச்சிடும் செயின், ஆடும் சீட், திரும்பத் திரும்ப இவைதான். பாதிக்கு மேல் வீட்டிலேயே கால் மணி நேரத்தில் முடிகிற வேலை. அதனால்தான் எழுதுகிறேன். வாரத்தில் ஒரு நாள், பிள்ளையும் வண்டியும் நீங்களும் சேர்ந்து கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஸ்பேனர் பிள்ளையின் கையில் இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். நடுவழியில் பஞ்சரானால் அங்கே நிற்கப்போவது பிள்ளைதான்.

முதலில் காற்று. டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று அடிக்கலாம் என்பது எழுத்தாகவே புடைத்து நிற்கும். சில டயரில் பி.எஸ்.ஐ. கணக்கில், சில டயரில் பார் கணக்கில் (இரண்டும் காற்றின் அழுத்தத்தைச் சொல்லும் அளவுகள்; 1 பார் என்பது ஏறத்தாழ 14.5 பி.எஸ்.ஐ.). '40–65 பி.எஸ்.ஐ.' என்று இருந்தால், எடை குறைந்த பிள்ளைக்கு 65 வரை ஏற்ற வேண்டியதில்லை, ஆனால் 40-க்குக் கீழே இறங்கவும் கூடாது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதை நம்ப வேண்டாம். கனமான டயர் காற்று குறைந்திருந்தாலும் விரலுக்குக் கெட்டியாகத்தான் படும். அளவு காட்டும் பம்ப் ஒன்று வீட்டில் இருந்தால் ஊகமே தேவையில்லை.

காற்றுக் குறைந்த வண்டியை மிதிப்பது கஷ்டம் என்பது பிள்ளைகளுக்கே தெரியும். முள் குத்தாமலேயே பஞ்சராகும் என்பது பலருக்குத் தெரியாது. தளர்ந்த டயர் கல்லிலோ பள்ளத்தின் விளிம்பிலோ ஏறும்போது ரிம் இறங்கி டியூபை நசுக்கிவிடும். கழற்றிப் பார்த்தால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் இருக்கும். அப்படி இரட்டைக் கீறல் கண்டால் முள்ளைத் தேட வேண்டாம், காற்று அடிக்காததுதான் காரணம். ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் டியூபின் ரப்பர் வழியாகக் காற்று மெல்லக் கசியும். ஆகவே நீண்ட விடுமுறை முடிந்து வரும் முதல் நாள் காலையில் பம்பைத் தேடாமல், முந்தைய நாள் மாலையே பார்த்துவிடுங்கள்.

வால்வு மூன்று வகை. மோட்டார் வண்டியில் இருப்பதுபோல் தடித்தது ஒன்று. நுனியில் குட்டித் திருகு கொண்ட ஒல்லியான உலோக வால்வு ஒன்று. இதில் திருகைத் தளர்த்தாமல் காற்று ஏறாது. உள்ளே சின்ன ரப்பர் குழாய் மாட்டிய பழைய வகை மூன்றாவது. இந்தப் பழைய வகையில் தினமும் காற்று இறங்கினால் உடனே பஞ்சர் என்று டயரைப் பிரிக்க வேண்டாம். வால்வின் வாயில் எச்சில் அல்லது ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். குமிழி வந்தால் அந்த ரப்பர் குழாய் விறைத்துக் கிழிந்திருக்கிறது. புதிதாக ஒரு துண்டு மாட்டினால் வேலை முடிந்தது. பம்ப் வாங்கும்போது எந்த வால்வுக்குப் பொருந்தும் என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பிரேக். இதில் மட்டும் நான் கறாராக இருக்கப்போகிறேன். பிடியை முழுதாக அழுத்தும்போது அது ஹேண்டில்பாரைப் போய்த் தொட்டால், அந்த வண்டிக்குப் பிரேக் இல்லை என்றே அர்த்தம். 'கொஞ்சம் பிடிக்கிறது சார்' என்ற பதிலை ஏற்கமாட்டேன். கேபிள் வந்து சேரும் இடத்தில் ஒரு சிறு உருளைத் திருகு இருக்கும். அதை வெளிப்பக்கமாகச் சுற்றினால் கேபிள் இறுகும், சின்னத் தளர்ச்சிக்கு அது போதும். பிரேக் கட்டை ரிம்மின் மேல் மட்டுமே படிய வேண்டும். கொஞ்சம் மேலே ஏறி டயரில் உரசினால் டயரின் பக்கச் சுவரை அறுத்துவிடும். ஒரு நாள் டியூப் பிதுங்கி வெடிக்கும். கீழே இறங்கியிருந்தால் ரிம்மைவிட்டு நழுவிக் கம்பிகளுக்குள் போய்விடும். கட்டையில் உள்ள பள்ளக் கோடுகள் மறைந்துபோனால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கட்டையின் முகத்தைத் திருப்பிப் பாருங்கள். சில சமயம் மணலோ உலோகத் துகளோ பதிந்து மினுங்கும். ஊசியால் நெம்பி எடுங்கள், இல்லாவிட்டால் ரிம்மைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். கேபிளில் ஒரு இழை பிரிந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் முழு கேபிளையும் மாற்றிவிடுங்கள். மற்ற இழைகள் அறுவதற்கு அதிக நாள் ஆகாது.

பிரேக் கத்துகிறதே என்று ரிம்மிலோ, சக்கர நடுவில் உள்ள டிஸ்க் தட்டிலோ எண்ணெய் விடுபவர்கள் இருக்கிறார்கள். சத்தம் நிற்கும், வண்டி நிற்காது. ஒரு முறை எண்ணெய் ஊறிய டிஸ்க் பிரேக் கட்டையைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

'முன் பிரேக்கைத் தொடவே கூடாது' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிடுவோம். பிரேக் போடும்போது எடை முன்பக்கம் சாய்வதால் முன்சக்கரப் பிரேக்தான் வண்டியை அதிகம் நிறுத்துகிறது. பின்பிரேக்கை மட்டும் அழுத்தினால் சக்கரம் இழுபட்டு வழுக்கும். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக, உடம்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி அழுத்தப் பழக்குங்கள். திடலில் பழகட்டும், சாலையில் வேண்டாம். மழையில் ரிம் நனைந்திருக்கும்போது கட்டை முதலில் தண்ணீரைத்தான் துடைக்கும், பிறகுதான் பிடிக்கும். அந்தத் தாமதத்துக்காக முன்கூட்டியே லேசாக அழுத்தத் தொடங்க வேண்டும்.

செயினுக்கு எண்ணெய் விடுவதில் எல்லாரும் செய்யும் தவறு, குளிப்பாட்டிவிடுவது. எண்ணெய் தேவைப்படுவது செயின் உருளைகளுக்கு உள்ளே. வெளியே வழிவது தூசியைப் பிடித்து உப்புத்தாள்போல் பற்களைத் தேய்க்கும். முதலில் பழைய துணியால் அழுக்கைத் துடையுங்கள். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். சில நிமிடம் கழித்து வேறு துணியால் வெளிப்புறம் முழுவதையும் துடைத்து எடுங்கள். விரலால் தொட்டால் லேசான பிசுக்கு மட்டும் இருக்க வேண்டும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசின்போல் இறுகிவிடும். துரு நீக்கும் ஸ்ப்ரே துருவை இளக்கத்தான், அதை மட்டும் அடித்துவிட்டு ஓட்டினால் செயின் விரைவில் காய்ந்துபோகும்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க வீட்டில் உள்ள ஸ்கேலே போதும். கண்ணிகளை இணைக்கும் ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடைவெளி 12.7 மில்லிமீட்டர். ஏதாவது ஒரு ஊசியின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால் அங்கிருந்து எண்ணும் 24-ஆவது ஊசியின் நடு 304.8 மில்லிமீட்டரில், அதாவது சரியாக 12 அங்குலத்தில் வர வேண்டும். 306-ஐத் தாண்டினால் புதுச் செயினுக்குத் தயாராகுங்கள். 308-ஐத் தொட்டுவிட்டால் பல்சக்கரமும் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு, செலவு இரண்டாகும். (கணக்கு ஆசிரியர் இதை அளவியல் பாடத்தில் சேர்த்துக்கொள்ளப்போவதாகச் சொன்னார். கையில் கறையோடு நோட்டுப் புத்தகம் வீட்டுக்கு வந்தால் மன்னியுங்கள்.) கியர் இல்லாத வண்டியில் செயினின் நடுப்பகுதியை விரலால் தூக்கி இறக்கினால் ஒரு சென்டிமீட்டரோ சற்றுக் கூடுதலோ ஆட்டம் இருக்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் கழன்று விழும். முறுக்கி வைத்தால் பேரிங் தேயும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்பிப் பாருங்கள். தனியாகத் திரும்பினால் இறுக்க வேண்டும். முன்பிரேக்கை அழுத்தியபடி வண்டியை முன்னும் பின்னும் அசைக்கும்போது கழுத்துப் பகுதியில் 'டக் டக்' என்றால் அங்கே தளர்ந்திருக்கிறது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். கூடிக் குறைந்தால் பெண்டு எடுக்க வேண்டும். பெண்டு எடுப்பதைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள், கம்பியை முறுக்கப் போய்ச் சக்கரத்தையே கோணலாக்குவது எளிது. இடது பெடலின் மரை மட்டும் எதிர்த்திசையில் இருக்கும். தெரியாமல் பலத்தைக் காட்டினால் மரை அழிந்து, பெடல் மாட்டியிருக்கும் கிராங்கையே மாற்ற நேரும். சக்கரத்தைக் கழற்ற நெம்புகோல் உள்ள வண்டியில், அந்தக் கோலைத் திருகி இறுக்கக் கூடாது, மடக்கி மூட வேண்டும். மூடியபின் உள்ளங்கையில் அதன் அச்சு பதியும் அளவுக்கு இறுக்கம் இருந்தால் சரி.

சீட்டைப் பற்றி ஒரு வேண்டுகோள். 'வளர்ந்துவிடுவான், இரண்டு வருஷம் வரும்' என்று பெரிய வண்டி வாங்கிக் கொடுப்பது சிக்கனம் போலத் தெரியும். கால் எட்டாத வண்டியில் பிள்ளையால் சட்டென்று நிறுத்தி இறங்க முடியாது. பிரேக் பிடிக்கும் விரல்களும் எட்டாது. புதிதாக ஓட்டுபவர்களுக்குச் சீட்டில் உட்கார்ந்தபடியே இரு கால்களின் முன்பாதமாவது தரையில் பட வேண்டும். நன்றாகப் பழகியவர்களுக்கு, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கும்போது முழங்கால் ஏறத்தாழ நேராகும் உயரம் சரி. அதைவிடத் தாழ்ந்த சீட்டில் தினமும் மிதித்தால் முழங்கால் வலிக்கும். சீட்டைத் தாங்கும் குழாயில் ஒரு எல்லைக்கோடு உண்டு. அது வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தக் கூடாது.

பெல், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையே பிரேக்கோடு சேர்த்து இவற்றைச் சைக்கிளுக்கு அடிப்படை என்கிறது. சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டில் திரும்பும் பிள்ளைகளுக்கு விளக்கு வேண்டும், சாக்கு வேண்டாம். ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரு விரல் அகலத்தில் மட்டமாக உட்கார வேண்டும். பின்னுக்குத் தள்ளிய ஹெல்மெட் நெற்றியைக் காக்காது. பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கலாம், மாற்றிவிடுங்கள். பையை ஹேண்டில்பாரில் மாட்ட வேண்டாம். அது ஆடி முன்சக்கரத்துக்குள் போகும். முதுகிலோ கேரியரிலோ இருக்கட்டும். ஷூ லேஸ் செயின் பக்கம் தொங்கக் கூடாது.

வழிக்கு ஒரு சின்னப் பை: மாற்று டியூப், டயர் லீவர் இரண்டு, பேட்ச், சொல்யூஷன், ஒரு துண்டு உப்புத்தாள், சிறிய பம்ப், அந்த வண்டிக்குப் பொருந்தும் ஸ்பேனர் அல்லது அலன் கீ, கை துடைக்கத் துணி. திறந்த சொல்யூஷன் ட்யூப் மூடியிருந்தாலும் காய்ந்துவிடும், அவ்வப்போது அமுக்கிப் பாருங்கள்.

பஞ்சரானால் முதல் வேலை சாலையைவிட்டு விலகி நிற்பது. காற்றில்லாமல் ஓட்டக் கூடாது, ரிம்மும் டியூபும் சேர்ந்து போய்விடும். வழியில் ஒட்டுவதைவிட மாற்று டியூபைப் போட்டுவிட்டு வீட்டில் நிதானமாக ஒட்டுவதுதான் நல்லது. ஆனால் புது டியூபை மாட்டும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் தடவிப் பார்க்க வேண்டும். குத்திய முள் இன்னும் அங்கேயே இருந்தால் புது டியூபும் போச்சு. பழைய டியூபில் ஓட்டை இருக்கும் இடத்தை வால்விலிருந்து அளந்து டயரோடு ஒப்பிட்டால் முள் இருக்கும் இடம் உடனே தெரிந்துவிடும். டயரின் கடைசிப் பகுதியைக் கையால் தள்ளி ஏற்ற வேண்டும். லீவரால் நெம்பினால் டியூபைக் கிள்ளிவிடும். டயரே கிழிந்திருந்தால், தடித்த பிளாஸ்டிக் உறை ஒன்றை மடித்து உள்ளே வைத்து மெதுவாக வீடு வந்து சேரலாம்.

ஒட்டும்போது பிள்ளைகளுக்கு வராதது பொறுமைதான். தேய்த்து, சொல்யூஷனை மெலிதாகப் பூசிய உடனே பேட்சை ஒட்டிவிடுகிறார்கள். ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் நிற்காது. சுமார் ஐந்து நிமிடம், பளபளப்பு மங்கும்வரை விட்டுவிட்டு, பிறகு ஓரம் வரை அழுத்த வேண்டும்.

செயின் கழன்றால் முதலில் பின்பல்சக்கரத்தில் மாட்டி, முன்பல்சக்கரத்தின் பற்களில் சிலவற்றில் செயினைப் பிடிக்கவைத்து, பெடலை மெதுவாகச் சுற்றினால் ஏறிவிடும். செயினை ஒரு குச்சியால் பிடிக்கட்டும். செயினில் விரல் இருக்கும்போது நண்பன் பெடலைச் சுற்றுவது எங்கும் நடக்கும் விபத்து. 'ஒருவர் செயின், ஒருவர் பெடல்' என்ற கூட்டு வேலை வேண்டவே வேண்டாம் என்று வீட்டிலும் சொல்லுங்கள்.

பள்ளியின் பக்கத்திலிருந்து: சைக்கிள் நிறுத்தத்தில் மூன்று வால்வுக்கும் பொருந்தும் பம்பும் ஒரு கருவிப் பெட்டியும் இனி இருக்கும். பஞ்சரால் தாமதமாக வரும் மாணவருக்குத் தண்டனை கிடையாது, ஆனால் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். பிரேக் பிடிக்காத வண்டியை ஓட்டிக்கொண்டு வாயிலைத் தாண்ட விடமாட்டோம். தள்ளிக்கொண்டு போகலாம், அல்லது நீங்கள் வந்து எடுத்துச் செல்லலாம். இதில் விலக்குக் கேட்டு யாரும் அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை காலை, உடற்கல்வி ஆசிரியர் பஞ்சர் ஒட்டவும் பிரேக் சரிசெய்யவும் சொல்லித்தருகிறார். பிள்ளையோடு பெற்றோரில் ஒருவர் வந்தால் நல்லது. பழைய உடையும் ஒரு பழைய டியூபும் கொண்டு வாருங்கள். இணைப்பிலுள்ள ஒப்புதல் சீட்டை வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: நிறுத்தத்தில் கேட்பாரற்றுக் கிடந்த இரண்டு பூட்டுச் சாவிகளும் ஒரு பின்விளக்கும் அலுவலகத்தில் உள்ளன. உரியவர்கள் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்.