அல்வாச் சட்டியை மட்டும் இறக்கிவிடாதீர்கள்

மத்திய நிதி அமைச்சகத்தில் பட்ஜெட் வேலை பார்க்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம். வருஷா வருஷம் பட்ஜெட்டுக்கு முன்னால் நீங்கள் அல்வா கிண்டும் படத்தைப் பேப்பரில் பார்க்கிறேன். பெரிய சட்டி, அமைச்சர் கையில் கரண்டி, சுற்றிலும் சிரித்த முகத்தோடு அதிகாரிகள். 'அல்வா கொடுப்பது' என்றால் தமிழில் என்ன அர்த்தம் என்பது மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமனுக்குத் தெரியாமலா இருக்கும்? அந்த ஜோக்கை விட்டுவிடுகிறேன்.

என் சந்தேகம் வேறு. அச்சு வேலை தொடங்கிவிட்டால், மக்களவையில் பட்ஜெட் வாசித்து முடிக்கும்வரை ஊழியர்கள் வீட்டுக்குப் போக முடியாது. அதற்கு முன் வாய்க்கு இனிப்பாக ஒரு கரண்டி. சரி. 1950இல் குடியரசுத் தலைவர் மாளிகை அச்சகத்திலிருந்து பட்ஜெட் கசிந்ததாம். அதனால் அச்சு மிண்டோ ரோட்டுக்குப் போய், 1980இல் நிதி அமைச்சகம் இருந்த நார்த் பிளாக் கட்டடத்தின் அடித்தளத்துக்கு வந்து சேர்ந்தது. சூடு கண்ட பூனை, பயம் நியாயம்தான். ஆனால் 2021இல் காகிதமே வேண்டாம், எல்லாம் டேப்லெட் என்றீர்கள். அந்த வருஷமும் சட்டி அடுப்பேறியது, அச்சே இல்லாத அச்சு வேலைக்கு! மறு வருஷம் கொரோனாவால் அல்வா நின்று வெறும் ஸ்வீட் கொடுத்தீர்கள். அதுதான் எனக்கு மனசு ஒட்டவில்லை.

ரகசியமாவது மிச்சம் இருக்கிறதா? ஒரு காலத்தில் சோப்பு ஏறுமா, பிஸ்கட் இறங்குமா என்று கேட்க ரேடியோவை விட்டு நகர மாட்டார்கள். 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரியெல்லாம் மத்திய, மாநில அமைச்சர்கள் உட்காரும் ஜிஎஸ்டி கவுன்சில் கைக்குப் போய்விட்டது.

பை கதையும் இதேதான். பட்ஜெட் என்ற சொல்லே தோல் பையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 1947 நவம்பர் 26 அன்று நம் கோயம்புத்தூர் சண்முகம் செட்டியார் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைக் கொண்டுவந்ததும் தோல் பெட்டியில்தான். அது வெள்ளைக்காரன் பழக்கம் என்று 2019இல் பெட்டி போய், வியாபாரிகளின் கணக்குப் புத்தகம் மாதிரி சிவப்புத் துணி உறை வந்தது. இப்போது அந்த உறைக்குள் டேப்லெட். டிவிக்குப் பூப்போட்ட துணி தைத்து மூடி வைத்த எங்கள் அத்தைதான் ஞாபகத்துக்கு வருகிறார்.

வெள்ளைக்காரன் பழக்கத்தை விடுவதில் உங்களுக்கு எப்போதுமே அவசரம் கிடையாது. லண்டனில் காலையாக இருக்கட்டும் என்று இங்கே மாலை ஐந்து மணிக்குப் பட்ஜெட் வாசித்தார்கள். அதைக் காலை 11 மணிக்கு மாற்ற 1999 வரை ஆனது.

ஆகவே சட்டி இருக்கட்டும், குறை சொல்ல வரவில்லை. ஒரே ஒரு விண்ணப்பம். படங்களில் எல்லோரும் போஸ் கொடுக்கிறார்கள், கிளறுகிற கையைத்தான் காணோம். அல்வா அடிப்பிடித்துவிடப் போகிறது.

இப்படிக்கு,
பழைய வரி முறையா, புதிய வரி முறையா என்று 2020 பட்ஜெட்டிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கும்
ஒரு மாதச் சம்பளக்காரன்