அஞ்சலிகளைப் படித்துவிட்டேன்

சிவமயம்

காரைக்குடி
பங்குனி மாதம், 2024

அன்புள்ள மகளுக்கு,

அப்பச்சியும் நானும் சுகம். அங்கே நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய அஞ்சலிகளைப் படித்துவிட்டேன். உன் தம்பி பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். பட்டாலையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது, யார் செத்ததற்கு இவ்வளவு காகிதம் என்று அப்பச்சி கேட்டார். யோஹான் கால்டுங், நார்வேக்காரர், நம் பிள்ளை பார்க்கிற அமைதி ஆய்வு வேலைக்கே அடித்தளம் போட்டவர், பிப்ரவரி 17ஆம் தேதி தவறிவிட்டார், வயது 93 என்றேன். கல்யாணச் சாவுதானே என்று சொல்லிவிட்டு அவர் தன் பேப்பரை எடுத்துக்கொண்டார். அவர் சுபாவம் உனக்குத் தெரியும்.

கால்டுங்கோடு கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் மூன்று வருஷங்களைச் சுற்றியே வருகிறார்கள். 1959இல் ஆஸ்லோவில் அமைதி ஆய்வு நிறுவனம் தொடங்கியது, 1964இல் அதற்கென்று ஓர் ஆய்விதழ் கொண்டு வந்தது, வன்முறை, அமைதி பற்றி 1969இல் எழுதிய அந்தக் கட்டுரை. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தின எனக்கு இதெல்லாம் தெரியாமல் போய்விட்டதே என்று இருந்தது. நாங்கள் நடத்தியதெல்லாம் போர்களும் உடன்படிக்கைகளும்தான். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களைப் பற்றி ஒரு பாராகூடப் பாடப் புத்தகத்தில் கிடையாது.

எனக்குப் பிடித்தது அவர் சின்ன வயசுக் கதை. நார்வே நாஜிகள் கையில் இருந்தபோது அப்பாவைப் பிடித்துச் சிறையில் போட்டிருக்கிறார்கள். காந்தியைச் சுட்ட செய்தி வந்தபோது இவருக்கு 17 வயது, அழுததாக அவரே சொல்லியிருக்கிறார். அப்புறம் ராணுவத்துக்குப் போக மறுத்து ஆறு மாதம் ஜெயில். ஆர்னே நெஸ் என்ற தத்துவப் பேராசிரியரோடு சேர்ந்து காந்தியின் அரசியல் நெறி பற்றி 1955இல் புத்தகம் போட்டிருக்கிறார். அந்தக் காந்தி 1927இல் நம் ஊர்ப்பக்கம் வந்தார். செட்டிநாட்டு வீடுகளில் அடைத்து வைத்திருந்த சீமைச் சாமான்களைப் பார்த்துக் கண்டித்துவிட்டுத்தான் போனார். நம் ஆட்கள் நன்கொடை கொடுத்தார்கள். சாமான் அங்கேயேதான் இருந்தது.

நீ எழுதியதையும் படித்தேன். பெற்றவள் சொல்கிறாள் என்று நினைக்காதே, அந்தக் காகிதக் கட்டிலேயே தெளிவான எழுத்து உன்னுடையதுதான். எதிர் வீட்டு ஆச்சியிடம்கூடக் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் வராது, உன் பெயரைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். ஆனால் ஒன்று, மற்றவர்கள் எல்லாம் அவரால் தங்கள் வீட்டில், தங்கள் வாழ்க்கையில் என்ன மாறியது என்று எழுதியிருக்கிறார்கள். நீ அப்படி ஒரு வரிகூட எழுதவில்லை. போனிலும் அப்படித்தான். கால்டுங் என்ன சொன்னார், கொலம்பியாவில் என்ன நடக்கிறது என்று அரை மணி நேரம் பேசுகிறாய். ராத்திரி என்ன சமைத்தீர்கள் என்றால் "ஏதோ சாப்பிட்டேன் ஆத்தா" என்கிறாய். சாப்பிட்டோம் என்று நீ சொல்லிக் கேட்டுக் கொஞ்ச நாளாகிறது. வேளைக்குச் சாப்பிடு. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

அந்த 1969 கட்டுரையைத் தம்பியிடம் தேடி எடுக்கச் சொல்லி அதையும் படித்தேன். பாதி புரிந்தது. காசநோய் பற்றி ஓர் இடம் வருகிறதே. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒருவர் காசநோயில் செத்தால் அதை வன்முறை என்று சொல்ல முடியாது, ஆனால் இத்தனை மருந்து இருக்கிற காலத்தில் ஒருவர் அதே நோயில் சாகிறார் என்றால் அங்கே வன்முறை இருக்கிறது, அடித்தவன் என்று ஒருவன் இல்லாவிட்டாலும். இரண்டாங்கட்டில் கடைசி அறையில் கிடந்த அயித்தையை நினைத்துக்கொண்டேன். மருந்து அப்போது வந்துவிட்டது. மதுரைக்குக் கூட்டிப்போகத்தான் யாருக்கும் தோன்றவில்லை. யாரும் அவரைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை.

அதே கட்டுரையில் புருஷன் பெண்டாட்டி உதாரணமும் இருக்கிறது. ஒருவன் மனைவியை அடித்தால் அது கண்ணுக்குத் தெரிகிற வன்முறை, பத்து லட்சம் பேர் பத்து லட்சம் மனைவிகளை ஒன்றும் தெரியாமல் வைத்திருந்தால் அது அமைப்பிலேயே இருக்கிற வன்முறை என்கிறார். அந்த இடத்தில் கொஞ்சம் நின்றேன். மாப்பிள்ளை அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். கட்டுரையில் இருந்தது, அதனால் சொன்னேன்.

சண்டை இல்லாதது மட்டும் அமைதி ஆகாது என்று அவர் சொல்வதைக் கிட்டத்தட்ட எல்லாருமே எழுதியிருக்கிறார்கள். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் வீட்டில் கல்யாணம் ஆனதும் வேறு வைத்துவிடுவார்கள். ஒரே வளவு, ஒரே முகப்பு, ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், தனி அடுப்பு, தனிக் கணக்கு. மாமியாரும் மருமகளும் உப்புக்கும் புளிக்கும் மல்லுக்கட்ட வேண்டாம் என்று யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், சண்டை வராது. ஆனால் பக்கத்து அறையில் ஒருத்தி அழுதால் அது அவள் புள்ளிக் கணக்கு என்று எல்லாரும் இருந்துவிடலாம். திருப்பத்தூர் விஷயத்துக்குப் பிறகு அப்பச்சியும் நானும் எப்படி இருந்தோம் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். குரல் உயர்ந்ததே இல்லை. அவருக்குத் தட்டு வைத்துவிட்டு நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். ஊரில் எங்களை உதாரணத் தம்பதி என்றார்கள். அதனால்தான் சேர்ந்து சாப்பிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

எக்வடோர், பெரு கதையையும் ரசித்தேன். 1941இல் சண்டை, 1995இல் மறுபடி சண்டை, யாருக்கும் சரியாகத் தெரியாத காட்டு எல்லைக்காக. இரண்டு நாடும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் இடமாக்கி இயற்கைப் பூங்கா வையுங்கள் என்று இவர் யோசனை சொன்னாராம். 1998இல் ஒப்பந்தம் ஆனபோது எல்லையின் இரண்டு பக்கமும் பூங்கா வந்தது. திவின்சா என்ற இடத்தில் ஒரு சதுர கிலோமீட்டர் எக்வடோருக்குச் சொந்தம், ஆட்சி உரிமை பெருவுக்கு. நம் பங்காளி வீட்டுப் பத்திரம் மாதிரியே இருக்கிறது. ஆனால் அமெரிக்கா, பிரேசில், அர்ஜென்டினா, சிலி என்று நான்கு நாடுகள் ஜாமீன் நின்று பேசி முடித்ததை இவர் ஒருவர் கணக்கில் எழுதுகிறவர்களுக்கு நான் முழு மார்க் போட மாட்டேன். யூதர்களைப் பற்றி 2011, 2012இல் அவர் பேசிய தப்பான பேச்சுகளைச் சிலர் நேராக எழுதியிருக்கிறார்கள், சிலர் தாண்டிப் போய்விட்டார்கள். எழுதியவர்கள்தான் அவரை நிஜமாக மதித்தவர்கள் என்று எனக்குப் படுகிறது. நீ தாண்டிப் போய்விட்டாய். நீ சாமர்த்தியசாலி. சொல்லாமல் விடுவது உனக்குச் சின்ன வயதிலிருந்தே நன்றாக வரும்.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. குன்றக்குடியில் பங்குனி உத்திரத்துக்கு நல்ல கூட்டம். இரண்டாங்கட்டு ஓடு மாற்ற வேண்டும், பெரியப்பச்சி வீட்டில் இன்னும் சம்மதம் வரவில்லை. தூணைக் கேட்டு ஒரு வியாபாரி இரண்டாம் தடவை வந்துவிட்டுப் போனான்.

சமரசம் பேசப் போகிறவர் முதலில் இரண்டு தரப்பையும் ஒன்றாக உட்கார வைக்கக் கூடாது, ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்து, உனக்கு எப்படி இருந்தால் பிடிக்கும் என்று கேட்க வேண்டும் என்பது கால்டுங் முறை என்று நீயே எழுதியிருக்கிறாய். உன்னிடம் யாராவது அப்படிக் கேட்டார்களா என்று தெரியவில்லை. மாப்பிள்ளையிடமும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அவரும் போனில் வந்து அப்பச்சியிடம் கிரிக்கெட் பேசுவார். வேலை அதிகமாக இருக்கும்.

அப்புறம், நீ கேட்ட கல்யாணப் பதிவுச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. கல்யாணத்தன்று எழுதின இசைகுடிமானத்தோடு சேர்த்து அதே பெட்டியில்தான் இருந்தது. எதற்கு என்று நீ சொல்லவில்லை, வீசாவுக்காக இருக்கும் என்று அப்பச்சியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வீசாவுக்கு என்றால் தம்பி இன்றைக்கே ஸ்கேன் எடுத்து அனுப்புவான். வேறு எதற்காவது என்றாலும் அனுப்பாமல் இருக்கப் போவதில்லை, உன் காகிதம் உனக்குத்தான். ஆனால் அதற்கு முன்னால் எனக்குச் சொல்லிவிடு. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அப்பச்சி தினமும் சாயங்காலம் ஐந்தரைக்குக் கொப்புடையம்மன் கோவிலுக்குக் கிளம்பிவிடுவார், திரும்பி வர ஏழு ஆகும். உங்கள் ஊரில் அப்போது மத்தியானம் ஒரு மணி. இந்த மாதக் கடைசியில் உங்கள் கடிகாரத்தை மாற்றினால் இரண்டு மணி. ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம், அந்த நேரத்தில் கூப்பிடு.

உன் ஆத்தா