தமிழ்ப் பெயர்ப் பட்டியல்களின் அகரவரிசை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் வெளியாகும் தமிழ்ப் பெயர்ப் பட்டியல்கள் பலவற்றில் கனகா, கமலா, கவிதா என்ற வரிசையைக் காண்கிறோம். மெய்யெழுத்துகளில் னகரம் இறுதியானது என்பதால், கமலா, கவிதா, கனகா என்பதே முறையான அகரவரிசை. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் தரப்பட்டுள்ள யூனிகோடு எண்களிலோ னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்துக்கு முன்னும் நிற்கின்றன. அந்த எண்களை மட்டும் ஒப்பிட்டு அடுக்கும் மென்பொருளால்தான் இந்தக் குழப்பம் நேர்கிறது.

இதற்கான வழி சி என்னும் நிரல்மொழியின் 1989ஆம் ஆண்டுத் தரத்திலேயே (முறையான வரையறையிலேயே) உள்ளது. சொற்களை ஒப்பிட அதில் இரண்டு செயல்கூறுகள் (நிரலில் அழைக்கத்தக்க ஆயத்தக் கட்டளைகள்) உண்டு. ஸ்டர்கம்ப் (strcmp), எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் எண்களான பைட்டுகளை மட்டுமே ஒப்பிடும். ஸ்டர்கோல் (strcoll) நடப்பிலுள்ள லொகேலின், அதாவது ஒரு மொழிக்கும் நாட்டுக்கும் உரிய அமைப்புகளின் தொகுப்பின், வரிசை விதியைப் பின்பற்றும். ஆனால் எந்த நிரலும் 'சி' என்னும் அடிப்படை லொகேலில்தான் தொடங்கும் என்பதால், லொகேலை மாற்றும் செட்லொகேலை (setlocale) அழைக்காமல் ஸ்டர்கோலைப் பயன்படுத்திப் பயனில்லை. நம் கல்லூரி வகுப்புகள் பெரும்பாலும் ஸ்டர்கம்ப்போடு நின்றுவிடுவது வருத்தத்துக்குரியது.

இவ்வளவும் கற்றவருக்கும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. செயல்கூறுகளின் பெயரையும் அழைக்கும் முறையையும் வரையறுக்கும் தரம், எந்தெந்த மொழிகளின் தரவு இருக்க வேண்டும் என்பதை, அச்செயல்கூறுகளை உள்ளடக்கிய நிரல் நூலகத்தை உருவாக்குபவரிடமே விட்டுவிடுகிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் ஜிலிப்சி (glibc) நூலகத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தனித்தனித் தமிழ் லொகேல்கள் உண்டு என்றாலும், சேவையகங்களில் அவற்றை நிறுவாமல் விடுவதே வழக்கம். லினக்ஸின் சிறிய வடிவமான ஆல்பைன் லினக்ஸில் உள்ள மஸ்ல் (musl) நூலகத்திலோ, நான் பயன்படுத்திய பதிப்புகளில், ஸ்டர்கோலும் ஸ்டர்கம்ப்பும் ஒரே விடையைத்தான் தந்தன; தமிழ் லொகேலைக் கேட்டால் மறுக்காமல் ஏற்றுக்கொள்கிறது, வரிசை மட்டும் மாறுவதில்லை. தமிழ் லொகேல் நிறுவிய மடிக்கணினியில் சரியாக வந்த பட்டியல், அதே நிரலை ஆல்பைன் டாக்கர் கொள்கலனில் (நிரலைத் தனித்து இயக்கும் சூழலில்) ஓட்டியதும் குலைகிறது. நிரலில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது, பிழைச்செய்தியும் வராது. லட்சம், கோடி எனக் காற்புள்ளியிடும் முறைக்கும் இதே நிலைதான்.

மஸ்லைக் குறைகூறுவது என் நோக்கமன்று. சிறியதாகவும் எங்கும் இயங்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்று உருவாக்கப்பட்ட அந்நூலகம், யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையை அடிப்படையாகக் கொண்டது தமிழுக்கு நன்மையே. ஆனால் எங்கும் இயங்கும் நிரல் எங்கும் ஒரே விடையைத் தரும் என்று நம்பிவிடக் கூடாது. வாக்காளர், பயனாளிகள், தேர்வு முடிவுகள் போன்ற பட்டியல்களை அடுக்கும் நிரல்கள், மொழித் தரவைத் தம்முடனேயே கொண்டுள்ள ஐசியு போன்ற நூலகத்தைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

பொதுப் பணத்தில் மென்பொருள் வாங்கும் துறைகள், தமிழ் அகரவரிசைச் சோதனையை ஒப்பந்த நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அச்சோதனை நிறுவனத்தாரின் மடிக்கணினியில் அல்லாமல், மென்பொருள் இயங்கப்போகும் சேவையகத்திலேயே நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
சி மொழி பயிற்றுநர் ஒருவர்,
திருச்சி