டிரங்குப் பெட்டியைக் குப்பையில் போடாத தம்பிக்கு

தூத்துக்குடி மாவட்டத்து ஏரலில் இருந்து எல்லோருக்கும் வணக்கம். பொங்கலுக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. வீட்டில் சேற்று வாடை போகவில்லை. ஆனால் நேற்றிலிருந்து சொந்த அடுப்பில் சமைக்கிறோம், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும் தாமிரபரணி ஊருக்குள் புகுந்ததும் உங்களுக்கே தெரியும். எங்களை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்ட பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், தண்ணீர் கேனும் சோற்றுப் பொட்டலமுமாக வந்த தூத்துக்குடி, நாகர்கோவில், மதுரைக்காரர்கள், பள்ளிவாசலிலும் கோயிலிலும் பொங்கிப் போட்டவர்கள், சொந்த வீட்டில் தண்ணீர் நிற்க எங்கள் தெருவில் கம்பம் ஏறிய மின்வாரியத் தொழிலாளர்கள், வெளியூரிலிருந்து வந்து எங்கள் சாக்கடையை அள்ளிய தூய்மைப் பணியாளர்கள்: உங்கள் எல்லோர் காலிலும் விழ வேண்டியவன் நான். வயது 70, முட்டி மடங்காது, மன்னியுங்கள்.

இனி அந்தத் தம்பி.

சேறு அள்ள வந்த மாணவர்களில் அவனும் ஒருவன். மெத்தை, பீரோ, பேத்தியின் பாடப் புத்தகம் எல்லாம் தெருவில் குவிந்துகொண்டிருந்தன. என் பட்டாளத்து டிரங்குப் பெட்டியையும் இரண்டு பேர் தூக்கினார்கள். நானே, "போடுங்கய்யா, எல்லாம் ஊறிப் போச்சு" என்றேன். அவன் மட்டும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல பூராவும் புள்ளியும் கோடுமா இருக்கே, என்னது?" என்று கேட்டான்.

அது என் 1971-ஆம் வருஷத்து நோட்டு. ஜபல்பூர் ராணுவ சிக்னல் பயிற்சி மையத்தில் வயர்லெஸ் ஆபரேட்டர் வேலை படித்தபோது எழுதியது. ஐம்பது வருஷத்தில் அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் காட்டியதில்லை, காட்டக் கொஞ்சம் வெட்கம். "71 பாகிஸ்தான் சண்டையில் இருந்தீங்களா?" என்று கேட்பவர்களிடம், "ஹெட்போன் மாட்டிக்கிட்டு பெஞ்சில் இருந்தேன்" என்று எப்படிச் சொல்வது?

உண்மை அதுதான். எனக்கு 18 வயது. இந்தி தெரியாது. நோட்டின் முதல் பக்கங்களில் 'சாவ்தான், விஷ்ராம், பீச்சே முட்' என்று அணிவகுப்புக் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பக்கத்தில் அர்த்தம் போட்டிருப்பேன். காலையில் ஓட்டம், பிறகு லங்கரில், அதாவது பட்டாளத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், மக் நிறைய டீ, அதன்பின் மோர்ஸ் வகுப்பு. புள்ளிக்குக் குட்டை ஒலி, கோட்டுக்கு நீள ஒலி என்று ஹெட்போனில் வருவதைக் கேட்டு எழுத்தாக எழுத வேண்டும். ஐந்தைந்து எழுத்தாக அர்த்தமே இல்லாமல் வரும். அர்த்தம் இருந்தால் மனசு முந்திக்கொண்டு அடுத்த எழுத்தைத் தானே போட்டுவிடும், அதற்காகத்தான். நான் புள்ளியை எண்ணுவேன். எண்ணி முடிப்பதற்குள் மூன்று எழுத்து ஓடிப்போயிருக்கும். நிமிஷத்துக்குப் பத்து சொல்லைத் தாண்ட முடியவில்லை. உஸ்தாத், அதாவது எங்கள் பயிற்சியாளர், ஒருநாள் என் மண்டையில் பென்சிலால் தட்டி, "எண்ணாதே, பாட்டாகக் கேள்" என்றார். எங்கள் ஊர்க் கோயில் கொடையில் கேட்ட வில்லுப்பாட்டுக் குடத்தை நினைத்துக்கொண்டேன். 'எல்' என்றால் த தாம் த த. 'க்யூ' என்றால் தாம் தாம் த தாம். அதற்குப் பிறகுதான் காது திறந்தது.

டிசம்பர் 3 சாயங்காலம் பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானத் தளங்களில் குண்டு போட்டன. அன்று நள்ளிரவு தாண்டி இந்திரா காந்தி ரேடியோவில் பேசினார். பாரக் விளக்குகளுக்குக் கறுப்புத் தாள் சுற்றினோம். எங்களுக்கு முந்தைய பேட்ச் தேர்வு முடிந்த கையோடு யூனிட்டுகளுக்குக் கிளம்பியது. கட்டில்கள் காலியாகிப் போனதைப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. அடுத்தது நாம்தான் என்று ராத்திரியில் போர்வைக்குள் விரலால் தட்டிப் பழகினோம். டிசம்பர் 16-இல் டாக்காவில் பாகிஸ்தான் படை 93,000 பேரோடு சரணடைந்துவிட்டது. அந்தப் பதின்மூன்று நாளில் நான் பத்து சொல்லிலிருந்து பன்னிரண்டுக்கு வந்திருந்தேன். நாட்டுக்கு என் பங்கு அவ்வளவுதான். (சரணடைந்த ஜெனரல் நியாஸியைப் பிற்பாடு ஜபல்பூரிலேயே கைதியாக வைத்தார்கள். அதையும் நான் பார்க்கவில்லை.)

இதையெல்லாம் அவனிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சேற்று வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். மறுநாள் கூட்டாளிகள் வேறு தெருவுக்குப் போக, அவன் மட்டும் பழைய செய்தித்தாள் கட்டோடு வந்தான். எங்கள் ஊரில் காய்ந்த தாள் ஏது? தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்திருக்கிறான். நல்ல தண்ணீரில் நோட்டை முக்கி, மெல்லிய பிரஷ்ஷால் வண்டலைத் தள்ளி, தாளுக்குத் தாள் செய்தித்தாள் சொருகி, நனைந்ததை எடுத்து வேறு வைத்து, கரண்ட் இல்லாததால் பனை ஓலை விசிறியால் வீசிக்கொண்டே இருந்தான். "வெயில்ல போட்டா முறுக்கிக்கும் தாத்தா. எங்கம்மா கடைக் கணக்கு நோட்டு நனைஞ்சப்ப இப்படித்தான் செஞ்சாங்க" என்றான். மூன்று நாள்! வீட்டம்மா கொடுத்த கடுங்காப்பியைத் தவிர வேறொன்றும் வாங்கிக்கொள்ளவில்லை.

மையால் எழுதியதெல்லாம் நீலக் கறையாகிவிட்டது. அம்மாவுக்குப் போட்ட இன்லண்டு லெட்டர்களின் நகல்கள் அதில் போயின. அதற்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஆனால் மோர்ஸ் எடுப்பதெல்லாம் பென்சிலில். கரியைத் தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை. ஐந்தைந்து எழுத்துகள், உஸ்தாத் போட்ட பெருக்கல் குறிகள் உட்பட, பளிச்சென்று நிற்கின்றன. என்னை மண்டையில் தட்டிய நாளும் தெரிகிறது. அந்தப் பக்கத்தில் பதினேழு தப்பு.

இனி அது பரணில் கிடக்காது. பேத்திக்கு லீவு விட்டதும் ஸ்பூனும் தட்டும் எடுத்து உட்கார்ந்து 'எல்'லிலிருந்து தொடங்கப் போகிறேன்.

தம்பி, உன் நம்பரைக் குறித்துக்கொள்ளத் தோன்றவில்லை எனக்கு. கடைசிப் பக்கத்து ஓரத்தில் நீ பென்சிலால் உன் பெயரைப் புள்ளியும் கோடுமாக எழுதிவைத்திருப்பதை நேற்றுதான் பார்த்தேன். முதல் எழுத்து 'எஸ்'. அதற்கு மூன்று புள்ளிதான். நீ நாலு போட்டிருக்கிறாய், அது 'எச்'. நான் திருத்தவில்லை. பொங்கலுக்கு வந்து நீயே ஒன்றை அழித்துவிட்டுப் போ.