அறுபது நிமிடத்தில் கேட்பதற்கு இடம் எங்கே?

பெங்களூரில் ஸ்பா நடத்துகிறவர்களுக்கும், வீட்டுக்கே ஆள் அனுப்பி மசாஜ் செய்யவைக்கும் ஆப்காரர்களுக்கும்,

வணக்கம். நான் ஈஜிபுராவில் இருக்கிறேன், மசாஜ்தான் எனக்குத் தொழில். முன்பு ஸ்பாவில் இருந்தேன், இப்போது ஆப் வழியாக வீடு வீடாகப் போகிறேன். பெயர் போடவில்லை, போட்டால் ஐடி பிளாக் ஆகிவிடும் என்பது உங்களுக்கே தெரியும்.

அறுபது நிமிட புக்கிங் என்றால் கதவு திறந்ததுமே நேரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. அதற்குள் டேபிளை விரித்து, ஷீட் போட்டு, எண்ணெயைச் சூடாக்கி, முதுகு, கால், கை, கழுத்து, தலை என்று உங்கள் சார்ட்டில் இருக்கிற வரிசையை விடாமல் முடித்து, கடைசியில் பேக்கேஜ் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி, அப்புறம் ஃபைவ் ஸ்டாரும் கேட்க வேண்டும். சரி, எதிரே இருப்பவரிடம் எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று நான் எந்த நிமிடத்தில் கேட்பது? ஃபார்மில் டிக் பண்ணியிருக்கிறார்களே என்பீர்கள். அந்த ஃபார்மை யாரும் படித்துவிட்டு டிக் பண்ணுவதில்லை.

ஜெயநகரில் ஒரு வீடு. அம்மாவுக்காக மகள் புக் பண்ணியிருந்தார்: வலது தோள், டீப் டிஷ்யூ, அதாவது ஆழமாக அழுத்திச் செய்கிற மசாஜ். அம்மாவுக்குத் தமிழ் தவிர வேறு மொழி வராது, நான் போனது தற்செயல். எந்த ஊரும்மா நீ என்று ஆரம்பித்தவரிடம் பேச்சுவாக்கில் "கொண்டை போட முடியுதாம்மா?" என்று கேட்டேன். "அதை ஏன் கேக்கிற, பொண்ணுதான் போட்டு விடறா. ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கக்கூட முடியல" என்றார். சுகர் இருக்கா என்றால், அது வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு என்கிறார். கையை மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன், பாதிக்கு மேல் போகவில்லை, நான் தூக்கினாலும் போகவில்லை. என்ன நோய் என்று சொல்வது என் வேலை இல்லை. ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போகிற ஃப்ரோசன் ஷோல்டர் மற்றவர்களைவிட அதிகமாக வரும் என்பதும், வலி உச்சத்தில் இருக்கிறபோது அங்கே முழங்கையை ஊன்றி அழுத்தினால் இருக்கிற கொஞ்சத் தூக்கமும் போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். கழுத்துக்கும் மேல் முதுகுக்கும் மட்டும் மென்மையாகச் செய்துவிட்டு, முதலில் ஒரு எலும்பு டாக்டரைப் பாருங்கள் என்று மகளிடம் சொல்லிவிட்டு வந்தேன். கேட்ட டீப் டிஷ்யூ செய்யவில்லை என்று ரேட்டிங்கில் வெட்டு விழுந்தது, உங்கள் ஆட்களிடமிருந்து எனக்கு வார்னிங்கும் வந்தது. அந்த அம்மாவின் தோளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்காமல் கை வைத்தால் ஆபத்தாகக்கூடியவை இன்னும் இருக்கின்றன. நீண்ட விமானப் பயணம் முடித்து வந்தவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாகி வலிக்கிறது என்றால் உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம், அங்கே தேய்க்கக் கூடாது, உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரை அழுத்திப் பிடித்தால் கன்றிப்போகும். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவருக்கு ஹாட் ஸ்டோன் மசாஜில் வைக்கிற சூடான கல் சுடுவதே தெரியாது.

நான் பேசுவது வாயால் கேட்பதைப் பற்றி மட்டுமல்ல. நம் ஆட்களிடம் பிரஷர் போதுமா என்று கேட்டால், வலித்தாலும் நல்லாருக்கு என்பார்கள், அதிலும் பெண்கள் கேட்கவே வேண்டாம். ஆனால் கால் விரல் மடங்கும், மூச்சு ஒரு நொடி நிற்கும். கையைத் தூக்கினால் பாரத்தை நம்மிடம் விடாமல் அவர்களே தூக்கிக்கொடுப்பார்கள், அவ்வளவு உதவும் மனப்பான்மை! அந்தக் கை கனத்து என் உள்ளங்கையில் விழுகிறவரை நான் காத்திருக்க வேண்டும். அதற்குச் சில சமயம் ஐந்து நிமிடம் ஆகும், சார்ட்டில் அதற்கு இடமில்லை. மெதுவான வருடலுக்கென்றே நம் தோலில் ஒரு வகை நரம்பு இருக்கிறது, நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் கை நகரும்போதுதான் அது நன்றாக வேலை செய்கிறது, அந்த வேகம்தான் மனிதர்களுக்கு இதமாகவும் படுகிறது என்று 2009-லேயே ஆய்வு வந்துவிட்டது. ஓட்டமும் நடையுமாகத் தேய்த்தால் எண்ணெய்தான் பரவும். நம் சித்த மருத்துவத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று தொக்கணம், அதாவது கையால் உடம்பைப் பிடித்துவிடும் முறை, ஒன்பது வகை. நல்லவேளை, அது உங்கள் கண்ணில் படவில்லை, பட்டிருந்தால் ஒன்பதையும் அறுபது நிமிடத்தில் முடிக்கச் சொல்லியிருப்பீர்கள்.

வளவளவென்று பேசுவதை நான் கேட்பது என்று சொல்லவில்லை. என்னோடு ஸ்பாவில் இருந்த மிசோரம் பெண்ணுக்குத் தமிழும் வராது, கன்னடமும் அரைகுறை. அவள்தான் வேண்டும் என்று மறுபடி மறுபடி வருவார்கள், அவள் கை அப்படிக் கவனிக்கும். ஆப்பில் 'பேச வேண்டாம்' என்று ஒரு ஆப்ஷன் வைத்திருக்கிறீர்களே, அதுவும் நல்லதுதான். நாளெல்லாம் மீட்டிங்கில் பேசி ஓய்ந்து வருகிறவரிடம் நான் வேறு ஏன் வாயைத் திறக்க வேண்டும்? ஆனால் அந்த மௌனம் படுத்த பிறகுதான். படுப்பதற்கு முன் கேட்க வேண்டியதையும் அந்த ஒரு பட்டன் அழித்துவிடுகிறது, அதைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

நாங்கள் கவுன்சிலர்களும் இல்லை. கழுத்தில் கை வைத்ததும் சிலர் அழுதுவிடுவார்கள். அப்போது நான் புத்தி சொல்வதில்லை, கையை எடுப்பதுமில்லை, அவர் சரியாகிறவரை அப்படியே வைத்திருப்பேன். அந்த நேரம் பார்த்து அடுத்த பேக்கேஜ் பற்றிப் பேசச் சொல்லும் உங்கள் ஸ்கிரிப்டைக் கிழித்துப் போடுங்கள், புண்ணியமாகப் போகும். இன்னொரு பக்கமும் இருக்கிறது. மசாஜ் என்றாலே இளிக்கிறவர்கள், 'எக்ஸ்ட்ரா' இருக்கா என்று தூண்டில் போடுகிறவர்கள். ஸ்பாவோ வீடோ, அப்படி ஒரு இடத்திலிருந்து ஒருத்தி பாதியில் எழுந்து வந்தால் அவள் சொல்வதை நம்புங்கள், அன்றைய காசையும் கொடுங்கள். எங்கள் பேச்சை நீங்கள் காதில் வாங்காமல், கஸ்டமர் பேச்சைக் கவனியுங்கள் என்று எங்களுக்கு எப்படிச் சொல்வீர்கள்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அறுபதுக்கு வெளியே பத்து நிமிடம், எங்களுக்குக் காசோடு. யாருக்கு என்ன மொழி வரும் என்று புக்கிங்கில் ஒரு வரி. போன தடவை கவனித்ததை அடுத்து போகிறவள் பார்க்கும்படி குறித்துவைக்க ஒரு இடம், அதுவும் வாடிக்கையாளர் சம்மதித்தால் மட்டும். 'உடம்புக்கு ஒத்துவராது' என்று சொல்லி ஒரு சர்வீஸைக் குறைத்துச் செய்தால் ரேட்டிங் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து இதைப் படித்துவிட்டு, 'பத்து நிமிடம் காது கொடுத்துக் கேட்போம், கூடுதல் 199 ரூபாய்' என்று ஒரு ஆட்-ஆன் மட்டும் போட்டுவிடாதீர்கள்.