சதவீதக்காரர்கள்

அன்புள்ள ரகு,

ஆறு மாதம் பதில் போடாத பாவி நான். திட்டு வாங்கத் தயாராகத்தான் கவரைப் பிரித்தேன். நீயோ மூன்று பக்கம் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தைத் திட்டிவிட்டு, கடைசியில் போகிற போக்கில், "நிலாவுக்கு டைப் 1 சர்க்கரை என்கிறார்கள், இன்சுலின் ஆரம்பித்தாயிற்று" என்று ஒரு வரி. முதல் வரியில் சொல்ல வேண்டியதை இப்படியா ஒளித்து வைப்பாய்? அரியரை மறைத்த அதே புத்தி. மைதிலியாவது சொல்லியிருக்கலாம்.

சரி, குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆபீஸ் ஓப்பன் என்ரோல்மென்ட், அதாவது அடுத்த வருஷத்து இன்ஷூரன்ஸ் பிளானைத் தேர்ந்தெடுக்கும் அவகாசம், முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது, அதற்குள் இதைப் படித்துவிடு.

முதலில் உன் தீர்ப்பு. "மருந்துக் கம்பெனி கொள்ளைக்காரன், இன்ஷூரன்ஸ் கம்பெனி கூட்டுக் களவாணி." அரைக் கிணறுதான் தாண்டியிருக்கிறாய். அமெரிக்கா 2023-இல் மருத்துவத்துக்குச் செலவழித்தது 4.9 டிரில்லியன் டாலர். அதில் பார்மசியில் வாங்கும் மருந்துகளின் பங்கு ஏறத்தாழ 9 சதவீதம். ஆஸ்பத்திரிகளுக்குப் போவது 30 சதவீதத்துக்கும் மேல். ஒரு ஊரில் இருக்கும் இரண்டு ஆஸ்பத்திரிகளும் ஒரே முதலாளி கைக்குப் போய்விட்டால், எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அவரை நெட்வொர்க்குக்கு, அதாவது தன் ஒப்பந்தப் பட்டியலுக்கு, வெளியே நிறுத்த முடியாது. அவர் சொல்வதுதான் ரேட். நீ பத்து வருஷமாகப் போகும் டாக்டரின் கிளினிக்கை அதே ஆஸ்பத்திரி வாங்கினால், அதே நாற்காலி, அதே டாக்டர், பில்லில் மட்டும் "ஃபெசிலிட்டி ஃபீ" என்று புதிதாக ஒரு வரி முளைக்கும். போர்டு மாற்றியதற்கு நீ கட்டும் காசு அது.

இன்ஷூரன்ஸ்காரன் ஏன் சண்டை போடுவதில்லை? 2010 சட்டப்படி, வசூலிக்கும் பிரீமியத்தில் பெரிய கம்பெனிகளிடம் வாங்குவதில் 85 சதவீதத்தை, தனி நபர்களிடமும் சிறு கம்பெனிகளிடமும் வாங்குவதில் 80 சதவீதத்தை மருத்துவத்துக்கே செலவழிக்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் மீதி 15, 20 சதவீதத்தில்தான் அவன் சம்பளமும் லாபமும். பங்கைக் கூட்ட முடியாது, மொத்தம் பெருத்தால் பங்கும் பெருக்கும். நூறு ரூபாயில் பதினைந்தைவிட இருநூறில் பதினைந்து சதவீதம் யாருக்குக் கசக்கும்? உன் கம்பெனி மாதிரி மிகப் பெரிய இடங்கள் பலவற்றில் இந்த விதியும் கிடையாது. அங்கே பெரும்பாலும் கம்பெனியே தன் காசில் க்ளெய்மைக் கட்டுகிறது, கார்டில் பெயர் போட்டிருக்கும் இன்ஷூரன்ஸ் நிறுவனம் வெறும் கணக்குப்பிள்ளை. ஆகவே எச்ஆரிடம் கத்துவது வீணில்லை. அது அவர்கள் பணம்.

வீட்டு புரோக்கருக்கு விலையில் இரண்டு சதவீதம் பேசிவிட்டு, "நல்லா அடிச்சுப் பேசி விலையைக் குறைங்க" என்று சொன்ன நம் சேதுவை எவ்வளவு கலாய்த்தோம்! இந்த நாட்டின் மருந்துக் கடை முழுக்க சேதுவின் புரோக்கர்கள்தான்.

அதில் பெரிய புரோக்கர் பிபிஎம், மருந்து பெனிஃபிட்டை நிர்வகிக்கும் இடைத்தரகு நிறுவனம். சிவிஎஸ் கேர்மார்க், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ், ஆப்டம் ஆர்எக்ஸ் என்ற மூன்றும் சேர்ந்து நாட்டின் மருந்துச் சீட்டுகளில் சுமார் 80 சதவீதத்தைக் கையாள்கின்றன. எந்த மருந்து உன் பிளானின் ஃபார்முலரியில், அதாவது மருந்துப் பட்டியலில், இருக்கும், எது இருக்காது என்பதை இவர்களே முடிவு செய்கிறார்கள். பட்டியலில் இடம் வேண்டுமென்றால் மருந்துக் கம்பெனி ரிபேட், அதாவது விற்ற பிறகு திருப்பித் தரும் தள்ளுபடி, தர வேண்டும், அதுவும் லிஸ்ட் விலையின், அதாவது கம்பெனி வெளியில் அறிவிக்கும் விலையின், சதவீதமாக. பெரிய ரிபேட் காட்ட வேண்டுமானால் லிஸ்ட் விலையை ஏற்ற வேண்டும். ஏற்றினார்கள். ஹ்யூமலாக் என்ற இன்சுலின் ஒரு குப்பி 1996-இல் 21 டாலர், 2019 வாக்கில் 275. உள்ளே இருந்தது அதே திரவம்.

கவுன்ட்டரில் நடப்பதைக் கணக்காகவே பார். புரிவதற்காக நானே எண் போடுகிறேன். லிஸ்ட் விலை 300 டாலர், பின்னால் வரும் ரிபேட் 180. மருந்தின் உண்மை விலை 120. ஆனால் டிடக்டிபிள், அதாவது இன்ஷூரன்ஸ் கை கொடுக்கும் முன் உன் கையிலிருந்து போக வேண்டிய தொகை, முடியும்வரை நீ கவுன்ட்டரில் கொடுப்பது முன்னூறு. அந்த 180 சில மாதம் கழித்து பிபிஎம் வழியாக, அது கிள்ளியது போக, உன் கம்பெனிக்கு வரும். கம்பெனி அதை எல்லோருடைய பிரீமியத்தையும் கொஞ்சம் இறக்கப் பயன்படுத்தும். நோயாளி அதிகமாகக் கொடுத்த காசில் ஆரோக்கியமானவனுக்குத் தள்ளுபடி. இன்ஷூரன்ஸ் என்ற சொல்லையே தலைகீழாகத் தொங்கவிட்ட ஏற்பாடு. எனக்கு ரத்தம் கொதிப்பது இங்கேதான்.

2023-இல் இன்சுலின் விலையை 70 சதவீதம் அளவுக்குக் குறைப்பதாக அறிவித்தார்களே என்பாய். மனம் திருந்திக் குறைக்கவில்லை. பணவீக்கத்தைத் தாண்டி விலை ஏற்றினால், ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டுக்கு அபராதம் போல ரிபேட் கட்ட வேண்டும். ஆனால் அது மருந்தின் விலையைத் தாண்டக் கூடாது என்று ஒரு உச்சவரம்பு இருந்தது. 2021 சட்டம் 2024 ஜனவரி முதல் அந்த வரம்பை நீக்கியது. பழைய விலையிலேயே நீடித்திருந்தால் மெடிகெய்டில் விற்கும் ஒவ்வொரு குப்பிக்கும் அதன் விலையைவிட அதிகமாக அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டி வந்திருக்கும். கணக்குப் போட்டார்கள், இறங்கினார்கள்.

இன்னொரு கூத்து. மூட்டுவாத ஊசி மருந்தான ஹ்யூமிராவுக்குப் போட்டியாக 2023 ஜனவரியில் அம்ஜெவிடா என்ற மருந்து வந்தது. ஐரோப்பாவில் போட்டி மருந்துகள் 2018-லேயே வந்துவிட்டன, இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பேடென்ட் வேலி. சரி, வந்ததே. எப்படி வந்தது தெரியுமா? ஒரே மருந்துக்கு இரண்டு லிஸ்ட் விலை: ஒன்று ஹ்யூமிராவைவிட 55 சதவீதம் குறைவு, மற்றது வெறும் 5 சதவீதம் குறைவு. எதற்கு ஐந்து? ரிபேட் கேட்கும் புரோக்கர்களுக்கு! மலிவான பாட்டிலைக் கண்டால் முகம் சுளிப்பவர்களுக்கென்றே ஒரு விலை உயர்ந்த பாட்டில். இதைப் படித்த அன்று வாய்விட்டுச் சிரித்தேன்.

முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2026 ஜனவரியிலிருந்து பத்து மருந்துகளுக்குப் பேரம் பேசிய விலை கொடுக்கிறது. 527 டாலராக இருந்த ஜனுவியா என்ற சர்க்கரை மாத்திரை ஒரு மாதத்துக்கு 113. உன் ஆபீஸ் பிளானுக்கு அந்த விலை பொருந்தாது, மாமியாருக்குப் பொருந்தும். அவரிடம் சொல்.

இனி நிலா. இன்சுலின் இப்போது பெரிய பயம் இல்லை. ஹ்யூமலாக் கம்பெனியே பிராண்டு பெயரில்லாமல் விற்கும் அதே மருந்தான இன்சுலின் லிஸ்ப்ரோ 2023 மே முதல் குப்பி 25 டாலர். கம்பெனிகளே மாதம் 35 டாலர் உச்சவரம்புத் திட்டங்களும் வைத்திருக்கின்றன. பணம் கரையப் போவது சர்க்கரை அளக்கும் சென்சாரிலும் இன்சுலின் பம்ப்பிலும்தான். பத்து நாள் சென்சார் என்றால் மாதம் மூன்று, கழன்று விழுவது தனி. இதை உன் பிளான் பார்மசி பெனிஃபிட்டில் தருகிறதா, மருத்துவ உபகரணம் என்ற கணக்கில் தருகிறதா என்று போன் போட்டுக் கேள். முதலாவதில் பெரும்பாலும் கோபே, அதாவது ஒவ்வொரு முறையும் ஒரே நிலையான தொகை. இரண்டாவதில் டிடக்டிபிள், அப்புறம் 20 சதவீதம் என்று போகும், சப்ளையரும் வேறு. நீ கண் வைத்திருக்கும் அந்த எச்எஸ்ஏ (வரியில்லாத மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பிளானில் இன்சுலினையும் சென்சாரையும் டிடக்டிபிளுக்கு முன்பே தர வரித்துறையான ஐஆர்எஸ் அனுமதிக்கிறது. அனுமதிதான், கட்டாயமில்லை. எழுத்தில் வாங்கு.

இரண்டு பிளானையும் இப்படி ஒப்பிடு: சம்பளத்தில் பிடிக்கும் தொகை ஒரு வருஷத்துக்கு, அதோடு அவுட்-ஆஃப்-பாக்கெட் மேக்ஸிமம் (ஒரு வருஷத்தில் சிகிச்சைக்கு உன் கையிலிருந்து போகக்கூடிய உச்சத் தொகை), அதில் கம்பெனி எச்எஸ்ஏ-வில் போடுவதைக் கழி. நிலாவின் செலவு வருஷா வருஷம் அந்த உச்சத்தை நோக்கித்தான் போகும், டிடக்டிபிளை மட்டும் பார்த்து ஏமாறாதே. குடும்ப பிளானாக இருந்தாலும் 2026-இல் ஒரு ஆளுக்கு 10,600 டாலருக்கு மேல் உன் கையிலிருந்து போகக் கூடாது. இது நெட்வொர்க்குக்குள் மட்டும்.

புது வருஷ ஃபார்முலரியில் டாக்டர் எழுதிய அதே இன்சுலின் இருக்கிறதா என்று பிராண்டு பெயரோடு தேடு. ஜனவரி 1 அன்று ஹ்யூமலாக் போய் நோவோலாக் என்ற வேறு கம்பெனி இன்சுலின் வருவது சகஜம். டோஸ் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் புதுச் சீட்டு இல்லாமல் கவுன்ட்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாற்றவே கூடாது என்று டாக்டர் சொன்னால் ஃபார்முலரி எக்ஸெப்ஷன் (பட்டியலுக்கு விலக்கு) கேட்டு அவர் கடிதம் எழுத வேண்டும். மறுத்தால் 180 நாளுக்குள் அப்பீல், அவசரமென்று டாக்டர் குறித்தால் 72 மணி நேரத்தில் பதில் வரும். அதிலும் மறுத்தால் நான்கு மாதத்துக்குள் வெளி ரிவ்யூ, அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனியைச் சாராதவர்களின் பரிசீலனை, கேட்க வேண்டும். போனில் பேசும் ஒவ்வொரு முறையும் ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கு, அது இல்லாத பேச்சு பேசாத பேச்சு.

சாதாரண ஜெனரிக் மாத்திரைகளுக்கு "கார்டு இல்லாமல் என்ன விலை?" என்று பார்மசிஸ்ட்டைக் கேள். அவர் வாயைக் கட்டிப்போடும் ஒப்பந்தங்களுக்கு 2018-லேயே தடை போட்டாயிற்று. பல சமயம் ரொக்க விலை கோபேயைவிடக் குறைவாக இருக்கும். அந்தக் காசு பொதுவாக டிடக்டிபிளில் சேராது, அவ்வளவுதான்.

இரண்டு பிளானின் பிடிஎஃப்பும், இந்த வருஷத்து அல்ல, வரும் வருஷத்து ஃபார்முலரியும் எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போன் போடுகிறேன், மைதிலியையும் உட்கார வை. நிலாவிடம் ஃபோனைக் கொடு. ஊசி போட்டுக்கொள்வதில் அவளுக்கு இப்போதே உன்னைவிடத் தைரியம் அதிகமாக இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

உன்,
முரளி