டேங்கோ குழுக்கள் வாசித்த பசோடோப்ளே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த டேங்கோ இசை பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அக்கலையின் துயரத்தையும் ஏக்கத்தையும் கட்டுரையாளர் அழகாக விளக்கியிருக்கிறார். ஆயினும், அர்ஜென்டினத் தலைநகர் புவெனஸ் அயர்ஸின் டேங்கோ குழுக்கள் டேங்கோவைத் தவிர வேறெதையும் வாசித்ததில்லை என்ற எண்ணமே படித்து முடிக்கையில் எஞ்சுகிறது, அது சரியன்று. டேங்கோ குழுத் தலைவர் ஃபிரான்சிஸ்கோ கனாரோ, வால்ட்ஸ், ஃபாக்ஸ்டிராட், பசோடோப்ளே ஆகிய பிற நடன இசைகளையும் இசைத்தட்டுகளில் பதிந்தவர். என்ரிக்கே ரோத்ரிகஸின் குழு 'எல்லாத் தாளங்களின் இசைக்குழு' என்றே அழைக்கப்பட்டது.

பசோடோப்ளே, ஸ்பெயினின் காளைப்போர் அரங்குகளோடு பிணைந்த, இரண்டெண்ணிக்கை கொண்ட விறுவிறுப்பான நடன இசை. அங்கே அதை முழங்குபவை டிரம்பெட்டும் முரசும். டேங்கோ குழுவிலோ வழக்கமாக இவ்விரண்டும் கிடையா. பாண்டோனியன் என்னும் துருத்திக் கருவி, வயலின், பியானோ, டபுள் பாஸ் என்னும் பெரிய தந்திக் கருவி, அவ்வளவுதான். பாடகர் இல்லாத பழைய பதிவு ஒன்றை, இந்தக் குறையை எப்படிச் சமாளித்தார்கள் என்று அறியவே நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். டிரம்பெட் ஒலிக்க வேண்டிய இடத்தில், நம் ஆர்மோனியத்தைப் போலவே காற்றால் உலோக நாக்குகள் அதிரும் பாண்டோனியன்கள், துருத்தியை வெடுக்கென்று இழுத்துச் சுரங்களை நறுக்கு நறுக்கென்று வீசுகின்றன. பியானோக்காரரின் இடக்கையும் டபுள் பாஸும் முரசின் வேலையை ஏற்கின்றன. சோகச் சாயல் கொண்ட மைனர் சுரவரிசையில் இறுக்கமாகத் தொடங்கிய மெட்டு, மலர்ச்சியான மேஜர் சுரவரிசைக்குத் திரும்பும்போது வயலின்கள் மேலெழும் அந்தக் கணத்தில், உட்கார்ந்திருப்பவரின் காலும் தானே தாளமிடும். தாளக்கருவியின் துணையின்றி ஆடுவோரை நடத்திச் செல்வது டேங்கோ கலைஞர்களின் அன்றாடத் தொழில் என்பதால்தான் இது கைகூடியது என்பது என் துணிபு.

கேட்பவர்களும் அங்கே இருந்தார்கள். ஸ்பெயினிலிருந்து அர்ஜென்டினாவில் குடியேறிய இலட்சக்கணக்கானோருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் இது தாய்நாட்டின் ஒலி. இன்றும் புவெனஸ் அயர்ஸின் சில நடனக்கூடங்களில் டேங்கோ வரிசைகளுக்கு நடுவே பசோடோப்ளே ஒலிக்கிறது.

மூன்று நிமிட இசைத்தட்டில் இத்தனை கைத்திறனை அடக்கிய இப்பதிவுகளை வெறும் இடைநிரப்பியாகக் கருதி ஒதுக்குவது எனக்கு வருத்தமளிக்கிறது. இக்குழுக்களின் பிற தாளங்களைப் பற்றியும் அதே கட்டுரையாளரைக் கொண்டு ஒரு கட்டுரை வெளியிடுமாறு தங்களை அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி